பக்கத்து நாற்காலியில் இருந்தவர்

துர்காவுக்குப் பயந்த சுபாவம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் சரித்திர டீச்சர். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு எந்த அவசியமும் இல்லை. ஆனாலும் போன ஐப்பசியில், ஓரிக்கையில் அவள் வீட்டிலேயே இது நடந்தது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

பழைய போட்டோக்களில் இருக்கும் பட்டாளத்துக்காரர்கள் யார், எந்தப் படை என்று கண்டுபிடிப்பதில் அவளுக்கு அப்படி ஒரு பைத்தியம். தொப்பி, தோளில் இருக்கும் பித்தளை எழுத்து, கைப்பட்டை... ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்த்து, புத்தகங்களோடு ஒப்பிட்டுச் சொல்வாள். வாரக்கணக்கில் ஆகும். சின்ன காஞ்சிபுரம் ஸௌம்யா அதையே ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவாள். படை மட்டுமல்ல, ஆளின் பெயரையும் சொல்வாள். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் ஸௌம்யாவுக்கு வந்து குவியும் பாராட்டைப் பார்த்துத் துர்காவுக்கு வயிறு எரியும்.

முசரவாக்கத்திலிருந்து மாணிக்கவாசகம் என்பவர் ஒரு போட்டோ கொண்டுவந்தார். அதில் நான்கு சிப்பாய்கள்.

"எங்க பெரியப்பா எத்திராஜும்மா. பர்மா சண்டைக்குப் போனவரு, திரும்பி வரல. பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி அவரு படத்த மாட்டிக் கும்பிடணும். நாலு பேர்ல யாருன்னே தெரியலம்மா."

ஒரு பக்கம் மடித்த அகலத் தொப்பி. பர்மா சண்டைதான். இரண்டு பேர் கையில் ஒற்றைப் பட்டை. சிப்பாய்க்கு அடுத்த பதவி, லான்ஸ் நாயக். அதற்குமேல் துர்காவால் நகர முடியவில்லை.

"சின்ன காஞ்சிபுரத்துல ஒரு அம்மா பேரே சொல்றாங்களாமே..." என்று இழுத்தார் அவர்.

துர்காவுக்குச் சுருக்கென்றது. ஸௌம்யா எப்படித்தான் கண்டுபிடிக்கிறாள் என்று பார்த்துவிட வேண்டும். படத்தை எடுத்துக்கொண்டு அன்று சாயங்காலமே கிளம்பினாள்.

ஸௌம்யாவின் மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவள் உட்கார்ந்திருந்தாள். துர்கா காலியாக இருந்ததில் உட்காரப் போனாள்.

"அதுல வேண்டாம்."

ஸௌம்யா படத்தை அந்தக் காலி நாற்காலிக்கு நேராக வைத்தாள். தான் அதைப் பார்க்கவே இல்லை. எதையோ கேட்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

"இடமிருந்து ரெண்டாவது ஆள். எத்திராஜ். மேல் பொத்தான் கிடையாது. நூலால கட்டிண்டிருக்கார்."

பெயரைத் துர்கா சொல்லவே இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். கழுத்தில் பொத்தான் இல்லை. நூல் முடிச்சு...

அந்த நிமிடம் துர்காவின் மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. இது எனக்கு வேண்டும். இவளுக்கு மட்டும் ஏன்?

ஸௌம்யா அவளையே உற்றுப் பார்த்தாள். வாசல்வரை வந்தாள்.

"போயிட்டு வாங்கோ" என்றாள்.

எப்போதும் 'நீ' என்று பேசுகிறவள். கேலி செய்கிறாள் என்று துர்கா நினைத்தாள். ஆனால் ஸௌம்யாவின் பார்வை அவள்மேல் இல்லை. அவளுக்குப் பக்கத்தில் இருந்தது.

துர்கா ஸ்கூட்டியைக் கிளப்பினாள். பின்பக்கம் தாழ்ந்தது. காற்று இறங்கிவிட்டதோ என்று இறங்கிப் பார்த்தாள். டயர் கல் மாதிரி இருந்தது.

வீட்டில் அவள் தனியாகத்தான் இருந்தாள். விளக்கு வைக்கும் நேரம். கம்ப்யூட்டரில் வேறொரு படத்தைத் திறந்தாள். பல மாதமாகப் பிடிபடாத படம் அது.

டக்... டக்...

லாடம் அடித்த பூட்ஸ் சத்தம். கூடத்து மொசைக் தரையில்.

நனைந்த காக்கித் துணி வாடை அடித்தது.

பக்கத்து நாற்காலி கிறீச்சென்று நகர்ந்தது.

"இடது தோளப் பாரு."

காதுக்கு வெகு அருகில் ஆண்குரல்.

பார்த்தாள். நிழல் என்று இத்தனை நாள் விட்டிருந்த இடத்தில் எழுத்து இருந்தது.

முதலில் அவளுக்கு வந்தது பயமில்லை. சந்தோஷம்.

அதன் பிறகுதான் நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

"நீங்க... யாரு?"

பதில் இல்லை.

நாற்காலி இன்னும் கொஞ்சம் நெருங்கியது.

விடிந்ததும் ஸௌம்யாவுக்குப் போன் செய்தாள்.

"வந்துட்டாரா?" என்றாள் ஸௌம்யா. அழுவதுபோல இருந்தது. "என்னை மன்னிச்சுடு. மூணு வருஷமாப் போகச் சொல்லிண்டிருந்தேன். பொறாமைப்படறவாளோடதான் போவார். எனக்கு முன்னாடி திருத்தணியில ஒருத்திகிட்ட இருந்தார். அவளைப் பாத்து நானும் உன்னை மாதிரித்தான்..."

துர்கா போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு. 'நீங்க யாரு'ன்னு மட்டும் அவர்கிட்ட கேட்டுடாதே."

"ஏன்?"

"திருத்தணிக்காரி கேட்டா. ஒரு வருஷம் கழிச்சுப் பதில் சொன்னாராம். அன்னிலேர்ந்து அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியறதில்லை. தன் போட்டோவைக் காட்டினாக்கூட, இது யாருன்னு கேக்கறா."

அன்று ராத்திரி துர்கா கேட்டுவிட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.