அம்மா அப்பாவைக் கூப்பிட்ட மத்தியானம்

ஊரெல்லாம் தேர் பார்க்கப் போயிருந்தது. எனக்குக் காய்ச்சல் என்பதால் அம்மாவும் நானும் மட்டும் வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குக் கொழும்பில் வேலை, வருவது எப்போதாவதுதான்.

மத்தியானம் சமையல் செய்யும் குசினியின் கதவை யாரோ நெம்பும் சத்தம் கேட்டது. அம்மா என்னை அறைக்குள் இழுத்துக் கதவைப் பூட்டி, அலுமாரியைத் தள்ளி முட்டுக்கொடுத்தா. பிறகு, "இஞ்சாருங்கோ, எழும்புங்கோ! குசினியிலை கள்ளன்! கத்தியை எடுத்துக்கொண்டு ஓடி வாங்கோ!" என்று பலமாகக் கத்தினா.

சத்தம் நின்றது. வேலி முறிய யாரோ ஒருவன் பாய்ந்து ஓடினான்.

அம்மா கூப்பிட்ட விதத்தில் அப்பா வந்துவிட்டார் என்றே நான் நம்பிவிட்டேன்.

"அப்பா எங்கையம்மா?"

அம்மா என்னை இறுக்கி அணைத்தா.

"கூப்பிட்டவுடனை வாற தூரத்திலையே பிள்ளை அவர் இருக்கிறார்?"