வாட்டில் கன்றுகளும் நான் சொன்ன பொய்யும்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வாட்டில் மரத்தைப் பார்த்தால் இன்னும் சீக்கிரம் வரும். கொடைக்கானல் மலையில் ஒரு பல்கலைக்கழகத்தில் தாவரவியல் நடத்துகிறேன். விடுதிக்குப் பின்னால் எங்களுக்கென்று, இந்த மலைக்கே உரிய பழைய சோலைக்காடு ஒரு துண்டு உண்டு. எந்த நாட்டிலிருந்தோ கொண்டுவந்த வாட்டில், அதன் ஓரத்தில் அடர்ந்து உள்ளே புகப் பார்த்தது. சனிக்கிழமைதோறும் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போய் வெட்டினேன். வேரையும் விடவில்லை. 'வாட்டில் மேடம்' என்று எனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

விடுதிச் சமையற்கட்டில் வேலை பார்க்கும் அக்கா மட்டும் அப்போதே தடுத்தார். மலைச்சரிவில் அவருக்குப் பூண்டுத் தோட்டம் இருக்கிறது. சோலைக்குள் ஊறிவரும் ஓடைதான் அதற்குத் தண்ணீர்.

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும் மேடம். அது மறைச்சுக்கிட்டு நிக்கிற வரைக்கும் உள்ள சோலை இருக்கிறது ஒருத்தர் கண்ணுலயும் படாதுங்க."

வாட்டில் சோலை மரங்களை எப்படி நெருக்கி அழிக்கும் என்று நான் அவருக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

இந்த வருடம், நாங்கள் வெட்டிய இடத்தை அளக்க ஆள் வந்தது. விருந்தினர் மாளிகை கட்டப் போகிறார்களாம். வரைபடத்தில் 'காலி இடம்' என்று போட்டிருந்தது. அதற்குப் போகும் சாலை சோலையைப் பிளந்து ஓடையைத் தாண்டியது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத்தான் செய்திருந்தேன். மனு எழுதினேன். அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். ஒரே பாடத்தை ஒரே வகுப்புக்கு இரண்டு தடவை நடத்தினேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. கடைசியில், புதன்கிழமை ஒரு குழு நேரில் பார்க்க வரும் என்றார்கள்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை மாணவிகள் வந்து நின்றார்கள். பரீட்சை, விடுமுறை என்று நாங்கள் போகாத மாதங்களில் அங்கே வாட்டில் விதைகள் முளைத்து முழங்கால் உயரம் வந்திருந்தன. அவற்றைப் பிடுங்கத்தான் வந்திருந்தார்கள்.

"இன்னைக்கு வேண்டாம், போய்ப் படிங்க" என்றேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

குழுவின் தலைவர் சமவெளியிலிருந்து வந்தவர். எந்தச் செடியும் அவருக்குச் செடிதான். ஷூ நனைய அந்தக் கன்றுகளுக்கு நடுவில் போய் நின்றார்.

"காலி இடம்னு சொன்னாங்க. இவ்வளவு கன்னு நிக்குதே, யார் வச்சது?"

"எங்க பிள்ளைங்கதான் சார்."

பக்கத்தில் நின்ற மாணவி சட்டென்று என்னைப் பார்த்தாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் நான் திருத்திச் சொல்லவில்லை.

கட்டடம் வேறு இடத்துக்குப் போனது. அக்கா ஈரக்கையோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரமே அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது: மாணவிகள் நட்டு வளர்க்கும் அந்தக் கன்றுகளில் ஒன்றைக்கூட யாரும் தொடக்கூடாது.

இப்போது தோள் உயரம் வந்துவிட்டன. ஓடைக்கரையிலேயே இரண்டு நிற்கின்றன. வாட்டில் பெருகினால் ஓடை வற்றும் என்பதை அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.