வேறொருவரின் கால்

சுருவில் கிராமத்தில் அக்கா வீட்டு விறாந்தையில் ஏறும்போதே அந்த மணம் வந்துவிடும். அழுகிய மீனையும் கற்பூரத்தையும் ஒன்றாக வைத்தது மாதிரி. அத்தான் சாய்மனைக் கதிரையில் வலது காலை முக்காலியில் நீட்டி வைத்தபடி இருப்பார். பெருவிரலுக்குக் கீழே மஞ்சள் களிம்பு அப்பியிருக்கும். அதன் ஓரத்தில் கறுப்பாக நீர் கசியும். அக்கா எவ்வளவு விசிறினாலும் இலையான்கள் எழும்பிச் சுற்றிவிட்டு அதிலேயே வந்து குந்தும். அக்கா தரும் தேத்தண்ணியை என்னால் வாயில் வைக்க முடியாது. கோப்பையைக் கையில் வைத்திருந்துவிட்டு, அவள் பார்க்காத நேரம் முற்றத்தில் ஊற்றிவிடுவேன்.

வேலி அடைக்கும்போது பனங்கருக்கு கிழித்த காயம். அத்தானுக்கு நெடுநாளாகச் சீனி வருத்தம், நீரிழிவு. காலில் உணர்ச்சி குறைந்திருந்ததால், காயம் பட்டதையே பிந்தித்தான் கண்டார். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிவிட்டு, யாழ்ப்பாணத்துக்குப் போய் சத்திரசிகிச்சை வைத்தியரிடம் காட்டச் சொன்னார்கள். அத்தான் போகவில்லை. போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று பயம். அந்தப் பயத்தின் வழியாகத்தான் களிம்பு வீட்டுக்குள் வந்தது.

அதைச் செய்து விற்ற களிம்புக்காரரை எனக்கு நன்றாகத் தெரியும். பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே வகுப்பில் இரசாயனவியல் படித்தவர். எங்கள் எல்லாரையும்விடக் கெட்டிக்காரர். படிப்பு முடிந்ததும் நான் சரவணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனேன், அவர் வெளிநாடு போனார். திரும்பி வந்தபோது பெயருக்கு முன்னால் கலாநிதி என்ற பட்டம் இருந்தது. எங்கே பெற்றது என்று எவரும் கேட்கவில்லை. வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு யூடியூப்பில் பேசத் தொடங்கினார். கத்தி வைக்காமல் புண் ஆறும் என்பதுதான் ஒவ்வொரு பேச்சிலும் சாரம். நல்ல குரல் அவருக்கு. பயந்துபோய் இருக்கிறவர்களுக்கு அந்தக் குரல் போதும்.

ஒருநாள் அத்தான் தன் தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"நீர் இங்கிலிஷ் தெரிஞ்ச ஆள். உதை வாசிச்சு உம்மடை அக்காவுக்குச் சொல்லும். சும்மா கதை இல்லை. ஆராய்ச்சி செய்து நிரூபிச்சிருக்கினம்."

அது களிம்பைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை. சர்வதேச ஆய்விதழ் என்று தலைப்பில் இருந்தது. எழுதியவர் என் வகுப்புத் தோழர். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அந்தக் காலத்தில் நான் பள்ளிக்கூட வேலையோடு பகுதிநேரமாகப் பட்டமேற்படிப்பும் படித்துக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் பல்கலைக்கழக நூலகர் எங்களுக்கு ஒரு வகுப்பு எடுத்திருந்தார். நூலகத்தின் இணையத்தளத்தில் ஒரு பக்கம் உண்டு. எவரும் இலவசமாக வாசிக்கக்கூடிய ஆய்விதழ்கள், ஆய்வேடுகள், பாடநெறிகள், மருத்துவக் கட்டுரைகள் எல்லாவற்றுக்கும் அதில் இணைப்புப் போட்டிருந்தார்கள். மத்தியானச் சோறு உண்டுவிட்டு வந்த நாங்கள் கண்ணைத் திறந்து வைத்திருக்கவே கஷ்டப்பட்டோம். நூலகர் அதைக் கண்டும் நிறுத்தவில்லை. இலவசம் என்று கிடைப்பதெல்லாம் ஒரே சாதி இல்லை, போட்டது யார், சரிபார்த்தது யார் என்று பார்த்துவிட்டு நம்புங்கள் என்று சொல்லி, பார்க்கும் வழியையும் காட்டினார். பரீட்சைக்கு வராது என்று நான் அதைக் குறித்துக்கொள்ளவும் இல்லை.

அத்தான் கட்டுரையைத் தந்த அன்று பின்னேரம் அந்தப் பக்கத்தைத்தான் திறந்தேன். களிம்புக் கட்டுரை வந்த ஆய்விதழ், நூலகம் சொல்லியிருந்த நம்பகமான இதழ்களின் வரிசையில் இல்லை. அதன் ஆசிரியர் குழுவில் இருந்த ஒரு பேராசிரியர், தன்னைக் கேட்காமல் பெயரைப் போட்டிருக்கிறார்கள் என்று தன் சொந்தப் பக்கத்தில் எழுதியிருந்தார். கட்டுரையில் முக்கால்வாசி எலிகளின் முதுகில் கீறிய காயங்களைப் பற்றியது. மனிதரைப் பற்றி ஒரேயொரு பந்தி. அதோடு இரண்டு படங்கள். முதல் படத்தில் எலும்பு தெரியும் ஆழத்தில் குழிவிழுந்த ஒரு பாதம். இரண்டாவதில் அதே பாதம், புதுத் தோல் மூடி, இளஞ்சிவப்பாக.

அந்த இரண்டாவது படம்தான் அத்தானைப் பிடித்து வைத்திருந்தது.

பிறகு, சீனி வருத்தக்காரரின் கால் புண்களைப் பற்றி அந்தப் பக்கத்தில் இருந்த மருத்துவ இதழ்களில் தேடினேன். உயர்தர வகுப்பில் தவளை அறுத்துப் பழகியவள் நான். இருந்தாலும் அந்தப் படங்களைத் தொடர்ந்து பார்க்க ஏலாமல், இடையில் எழும்பிப் போய் முகம் கழுவ வேண்டியிருந்தது. மூன்றாவதோ நான்காவதோ கட்டுரையில் அந்தக் கால் இருந்தது. கணுக்காலில் பிறை மாதிரி ஒரு பழைய தழும்பு, இரண்டாம் விரலில் பிளந்த நகம். களிம்புக் கட்டுரைப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நிழல் விழுந்த விதம்கூட ஒன்றுதான்.

அது தூரத்து நாடொன்றின் ஆஸ்பத்திரி. வைத்தியர்கள் செத்த தசையை வெட்டி அகற்றி, அடைபட்ட இரத்தக்குழாயைத் திறந்து, மாதக்கணக்கில் மருந்து கட்டிச் சுகப்படுத்திய கால். மற்றவர்கள் படிப்பதற்காகத் தன் காலைக் காட்ட நோயாளி சம்மதித்தார் என்றும், எங்கே எடுத்தது என்று குறிப்பிட்டு எவரும் பயன்படுத்தலாம் என்றும் கீழே எழுதியிருந்தது. யாரோ ஒரு மனிதன், தன் அழுகிய காலை உலகத்துக்குக் கொடையாகக் கொடுத்திருக்கிறான். அதை எடுத்து, கத்தி வைக்காதே என்று சொல்வதற்குச் சாட்சியாக நிறுத்தியிருந்தார் என் வகுப்புத் தோழர். புண்களைப் பார்த்தபோது வந்த அருவருப்பைவிட இது மோசமாக இருந்தது.

விடிந்ததும் சுருவிலுக்குப் போனேன். அத்தானுக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது. இரண்டு கட்டுரைகளையும் திறந்து படங்களை அருகருகே காட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். குசினிக்குள் போய்ச் சுடுதண்ணீர் கொண்டு வந்து, காலில் இருந்த களிம்பைக் கழுவத் தொடங்கினாள். களிம்பு போகப் போக அடியில் இருந்தது தெரிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் திருப்பவில்லை.

அத்தான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உது ஆஸ்பத்திரியிலை வெட்டிச் சுகமாக்கின காலோ?"

ஓம் என்றேன்.

"வெட்டினாலும் கால் மிஞ்சுமோ?"

"படத்திலை மிஞ்சியிருக்கு அத்தான். உங்களுக்கு எப்பிடி எண்டு டொக்டர்தான் சொல்லோணும். ஆனால் இப்ப போகோணும்."

ஓட்டோவில் பின்னால் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். விரல்கள் இரண்டை எடுத்தார்கள், பாதத்தின் ஓரத்தில் கொஞ்சத் தசையும் போனது. கால் தப்பியது. இன்னும் சில நாள் பிந்தியிருந்தால் முழங்காலுக்குக் கீழே இருந்திருக்காது என்று வைத்தியர் அக்காவிடம் சொன்னார்.

அத்தான் ஆஸ்பத்திரி வாட்டில் இருக்கும்போதே, நயினாதீவு அம்மாள் கோயில் திருவிழாவுக்குக் களிம்புக்காரர் வருகிறார் என்று அறிந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனேன். களிம்புப் பெட்டிகளைப் படகில் ஏற்றுவித்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து சுகம் விசாரித்தார். நான் படத்தைக் காட்டினேன். ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது, எச்சில் பட்ட இலை மாதிரி.

"உது இணையத்திலை சும்மா கிடக்கிற படம்தானே. ஆருக்கு நட்டம்?"

அத்தானின் விரல்களைச் சொன்னேன்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் எண்டு அவருக்குச் சொன்னனானோ? அது அவரவர் நம்பிக்கை. நீரும் படிச்சனீர்தானே, உமக்கு விளங்கும்."

அதற்குமேல் அவரோடு கதைக்க எனக்கு மனமில்லை. படகு வர, என்னையும் கைபிடித்து ஏற்றிவிடக் கையை நீட்டினார். நான் ஏறவில்லை. அம்மாளைக் கும்பிடாமலே வீடு திரும்பினேன்.

அந்த ஆய்விதழுக்கு முறைப்பாடு எழுதினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. என் ஆராய்ச்சியையும் அவர்களிடம் பிரசுரிக்கலாமாம், ஆசிரியர்களுக்குப் பிரசுரக் கட்டணத்தில் கழிவும் உண்டாம். அந்தப் பதிலை நூலகரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் ஆச்சரியப்படவில்லை. உண்மையான கட்டுரையை எழுதிய வைத்தியர்களுக்கு அவரே கடிதம் எழுதினார். அவர்கள் தலையிட்டதால், சில வாரங்களில் களிம்புக்காரர் யூடியூப்பிலும் காட்டிவந்த அந்தக் கால் அங்கிருந்து காணாமல் போனது. அதற்குப் பதிலாக வேறொரு கால் வந்தது. அது எங்கே திருடியது என்று நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

அத்தான் இப்போது தடித்த செருப்புப் போட்டு மெல்ல நடக்கிறார். களிம்பை முதல் நாளே பூசியிருந்தால் விரல்களும் தப்பியிருக்கும் என்று வருகிறவர்களிடம் சொல்கிறார். அதைக் கேட்டால் அக்கா எழும்பி உள்ளே போய்விடுவாள்.

சென்ற வருடப் பரிசளிப்பு விழாவுக்கு எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பிரதம விருந்தினராகக் களிம்புக்காரரை அழைத்தார்கள். பழைய மாணவர் சங்கத்தின் விருப்பமாம். நடந்ததெல்லாவற்றையும் நான் அதிபரிடம் சொல்லியிருந்தேன். அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது ரீச்சர் என்றார். மாலையோடு அவர் மண்டபத்துக்குள் வந்தபோது எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் கதிரையில் இருந்தபடியே இருந்தேன். விஞ்ஞானப் பாடத்துக்கு முதலாவதாக வந்த என் மாணவி அவர் கையால் பரிசு வாங்கும்போது, படம் எடுப்பதற்காக அவள் தோளில் கை வைத்து, சபையைப் பார்த்துச் சிரித்தார். அதே சிரிப்பு. எழுந்து வெளியே வந்துவிட்டேன். மறுநாள் பாடத்தில் வழக்கமான பயிற்சியை ஒதுக்கி வைத்துவிட்டு, பல்கலைக்கழக நூலகத்தின் அந்தப் பக்கத்தைத் திரையில் போட்டேன்.