அவிழ்க்க மறுத்த காப்பு

என் தங்கை சுமதிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொண்டு வருவாள். என் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தும் என்று கோலாலம்பூர் டாக்டர் சொன்னார். சந்தோஷப்படுவதற்குள் அடுத்ததையும் சொன்னார்: "முதல்ல பதினாறு கிலோ குறைங்க. இந்த உடம்போட ஆபரேஷன் செய்ய முடியாது." அப்போது நான் எண்பத்தெட்டு கிலோ.

தங்கை உயிருக்காக ஓர் அக்கா வாயைக் கட்ட மாட்டாளா என்று நினைப்பீர்கள். நான் கட்டவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சுற்றுலாக்காரர்கள் வரும் டீக்கடையில் கேக் வெட்டுவது என் வேலை. ஓரத்தைச் சீவிவிட்டுத்தான் துண்டு போட வேண்டும். சீவிய ஓரமெல்லாம் என் வாய்க்கு. ஓரம் சதை போடாது என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். மூன்று மாதத்தில் இரண்டு கிலோ கூடியது. சுமதி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அழுதேன். "தாயே, என் எடையைக் குறை" என்று தினமும் கேட்பேன். காலையில் எடை பார்த்துவிட்டு அவளையே கோபித்துக்கொள்வேன்.

சித்திரைத் திருவிழா வந்தது. பால்குடம் எடுக்க மஞ்சள் காப்புக் கட்டிக்கொண்டேன். காப்புக் கட்டினால் கவுச்சி இல்லை, முட்டை இல்லை. கேக்கில் முட்டை உண்டே! ஓரத்தை வழித்துக் குப்பையில் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒன்பதாம் நாள்தான் கவனித்தேன், ஒரு தடவைகூடக் கை வாய்ப்பக்கம் போகவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். இல்லை, இல்லை என்று நான் புலம்பிய மன உறுதியை அம்மன் எப்போதோ கொடுத்துவிட்டாள்.

திருவிழா முடிந்து பூசாரி காப்பை அவிழ்க்க வந்தார். கையை இழுத்துக்கொண்டேன்.

"இருக்கட்டும் பூசாரிண்ணே. இத அவுத்தா நான் பழையபடி தின்னுடுவேன்."

"அது முடியாதுலா. கொடி எறக்கியாச்சு."

அவர் அவிழ்த்துவிட்டார். பக்கத்தில் நின்ற சுமதி, அம்மன் பாதத்தில் இருந்த ஒரு மஞ்சள் கயிற்றைக் கேட்டு வாங்கினாள். ஊசி குத்திக் குத்தி வீங்கிய கையால் அவளே எனக்குக் கட்டினாள்.

"இது என் காப்புக்கா. ஆபரேஷன் வரைக்கும் இருக்கட்டும்."

அன்றிலிருந்து கேக்கும் சீனி டீயும் நின்றன. வேனில் போகாமல் தொழிலாளர் லயத்து வீட்டிலிருந்து கடைவரை ஏற்றத்தில் நடந்தேன். முதல் வாரம் தோட்டத்து நாய்கூட என்னை முந்திப் போய், நின்று திரும்பிப் பார்த்தது. மழையில் வழுக்கி விழுந்தேன். மறுநாளும் நடந்தேன். நாக்கு கேட்கும்போதெல்லாம் கயிற்றைத் தொட்டு, "தாயே, இந்த ஒரு வேளைக்கு மனசைக் கொடு" என்பேன். கொடுத்தாள். கயிறு நைந்தால் சுமதி புதிதாகக் கட்டுவாள். பதினொரு மாதத்தில் எழுபத்திரண்டு கிலோவுக்கு வந்தேன்.

ஆபரேஷனுக்கு முன் தாதி கயிற்றை வெட்டினார். பயந்துகொண்டேதான் கையை நீட்டினேன். கண் விழித்ததும் சுமதியைப் பற்றிக் கேட்டேன்.

"உங்க தங்கச்சிக்கு யூரின் வந்துடுச்சுலா!" என்றார் தாதி.

இரண்டு வருடமாகச் சொட்டுச் சிறுநீர்கூடப் போகாதவள். காயம் வலிக்க வலிக்கச் சிரித்தேன்.

மனசு வரவில்லையே என்று தவிக்கிறவர்களே, அந்த மனசையே தாயிடம் கேளுங்கள். ஒரு வேளைக்குக் கேட்டால் போதும், தருவாள். இன்று என் கையில் கயிறு இல்லை. காலையில் சீவிய ஓரம் முழுதும் குப்பைக்குத்தான் போனது. சாயங்காலம் சுமதியோடு அந்த ஏற்றத்தில் நடந்தேன். அவள்தான் எனக்கு முன்னால் போனாள்.