மலைமேல் போட்ட கரை

ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊரில் எல்லாருக்கும் கறிக்குழம்பு, எண்ணெய்க் குளியல். எனக்கு மலை. வாரம் முழுக்கத் தையல் மிஷினை மிதித்த காலோடு, கத்தியையும் மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு ஏறுவேன். கூலி கிடையாது. போ என்று சொன்னவர் யாருமில்லை, போகாதே என்று சொன்னவர்கள்தான் நிறைய. எழுபதுகளின் கடைசியில் என் ஞாயிற்றுக்கிழமைகள் இப்படித்தான் கழிந்தன. நினைத்தால் இப்போதும் இடுப்பு வலிக்கிறது.

எங்கள் ஊர் வல்லக்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்குப் பின்னால் ஏரி, ஏரிக்குப் பின்னால் மலை. மலை என்றதும் ஊட்டி, கொடைக்கானல் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பாறையும் சரளையும் முள்ளுமாக நீளமாகப் படுத்துக் கிடக்கும், அவ்வளவுதான். ஆனால் உள்ளே போய்விட்டால் மனுஷக் குரல் கேட்காது. நரி உண்டு, முள்ளம்பன்றி உண்டு. காரை முள்ளும் சூரை முள்ளும் புடவையைப் பிடித்து இழுத்து நிறுத்தும். காப்புக்காடு என்று சர்க்கார் கல் நட்டிருந்தது. நடுவில் ஓரிடத்தில் மலை தாழ்ந்து இடுக்கு மாதிரி இருக்கும். அதன் வழியாக ஓர் ஒற்றையடிப் பாதை அந்தப் பக்கம் இறங்கும். இறங்கினால் மாதாகோயில் தெரு, அதைத் தாண்டினால் ஐஸ்கூல்.

அந்த ஐஸ்கூல்தான் எல்லாவற்றுக்கும் காரணம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. என் மகள் எட்டாவது முடித்ததும் மேலே படிக்க வேண்டும் என்றாள். சாலை வழியாகப் போனால் மலையை முழுக்கச் சுற்ற வேண்டும். காலை பஸ் மணி அடித்தபிறகுதான் கொண்டுபோய் விடும், சாயங்கால பஸ் வந்தால் வந்தது.

என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஸ்ரீபெரும்புதூர் போய் பஸ் மாறி, ஷிப்ட் முடித்து, ஓ.டி.யும் பார்த்துவிட்டு வந்தால் மனுஷனுக்கு வாயைத் திறக்கத் தெம்பு இருக்காது. கெட்டவர் இல்லை. ஆனால் ஒன்று சொன்னால் சொன்னதுதான்.

"மல வழியா போனா போவட்டும். ஆடு மேய்க்கிறவங்க, வெறவு பொறுக்கிறவங்க, எல்லாம் நம்ம சனந்தான். லாரிக்காரன் நிறுத்துற எடத்துல என் பொண்ணு பஸ்சுக்கு நிக்கக் கூடாது. பாத கீற வரைக்கும் படிக்கட்டும். பாத இல்லன்னா வூட்ல இருக்கட்டும்" என்றார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதிப் பெயிலாகி, அந்தச் சூட்டோடு கல்யாணமாகி வந்தவள். படிப்பு பாதியில் அறுந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பாதை இருக்கிறவரைக்கும் என்று அவர் சொன்னாரே, அன்றைக்கே கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுத்துவிட்டேன்.

தனியாளாக ஏறினேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். மாதாகோயில் தெருவில் ஓர் உபதேசியார் இருந்தார். பங்குச் சாமியார் வராத வாரங்களில் ஜெபம் நடத்துவார், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தருவார். அவர் தெரு ஜனங்கள் எங்கள் ஊருக்கு நடவுக்கும் அறுப்புக்கும் வருவது இந்தப் பாதையில்தான். ஞாயிறு கோயில் முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே வருவார். எங்கள் பக்கத்திலிருந்து நீர்க்கட்டி வருவார். ஏரி மதகைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்ப்பவர் அவர்தான். ஏரி வற்றின மாதங்களில் அவருக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பாரஸ்டு கார்டு ஒருநாள் சைக்கிளைக் கீழே சாய்த்துவிட்டு ஏறி வந்து எங்களைப் பார்த்தார். "மரத்துல கத்தி வெக்கக் கூடாது. நெருப்பு வெக்கக் கூடாது. பொதரு வெட்டினா நா பாக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுதான் எங்களுக்குக் கிடைத்த அனுமதி.

முள் வெட்டுவது பார்க்கிறவர்களுக்குச் சுலபம். நுனி பிளந்த கவைக்கோலால் முள்ளைத் தூக்கிப் பிடித்து அடியில் வெட்ட வேண்டும். வெட்டினதைப் பாதைக்குக் கீழ்ப்புறம் தள்ள வேண்டும், மேல்புறம் போட்டால் மழையில் உருண்டு வந்து பாதையிலேயே உட்கார்ந்துகொள்ளும். வேலிக்காத்தானை வேரோடு எடுக்காவிட்டால் அடுத்த மாசம் முன்னைவிட ஜோராக நிற்கும். இந்த வாரம் வெட்டினதை அடுத்த வாரம் மறுபடி வெட்டுகிற மாதிரிதான் எனக்குத் தோன்றும். ச்சே, இதென்ன பிழைப்பு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வெட்டியிருக்கிறேன்.

முள்ளாவது பரவாயில்லை. இடுக்குக்குக் கீழே எங்கள் பக்கத்துச் சரிவுதான் உயிரை வாங்கியது. ஒவ்வொரு மழைக்கும் மேலேயிருந்து தண்ணீர் பாதையிலேயே ஓடி வந்து மண்ணை அரித்துக்கொண்டு போகும். மிச்சமிருக்கிற சரளையில் கால் வைத்தால் வழுக்கும். என் மகள் ஒன்பதாவது படித்த வருஷம் இரண்டு தடவை முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். அவள் அப்பா முட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

அவள் பத்தாவது போன கோடையில் நீர்க்கட்டி ஒரு யோசனை சொன்னார். "தங்கச்சி, தண்ணி ஓடறதாலதான பாத போவுது. இடுக்குலயே ஒரு கர போட்டு நிறுத்திட்டா அது எப்டி ஓடும்?"

எனக்கு அது எவ்வளவு நியாயமாகப் பட்டது என்று இப்போது சொன்னால் சிரிப்பார்கள். நாங்கள் ஏரிக்காரர்கள். ஆறு கிடையாது. வானம் கொடுப்பதைப் பிடித்து வைத்தால்தான் சோறு. மழை பெய்தால் எங்கள் முதல் யோசனை, இதை எங்கே நிறுத்தலாம் என்பதுதான். ஓடிப்போகிற தண்ணீரைப் பார்த்தால் எங்களுக்கு வயிறு எரியும். உபதேசியாரும் நிலம் வைத்திருந்தவர். "சரியான பேச்சு" என்று தலையாட்டினார். மலையில் தண்ணீரை நிறுத்தலாமா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஏரியிலிருந்து களிமண்ணைக் கூடையில் சுமந்து ஏறினோம். கல் அடுக்கி, மண் கொட்டி, கட்டையால் இடித்து, மேலே புல் பதித்தோம். ஆடி முழுக்க, ஆவணி முழுக்க. என் தலையில் சும்மாட்டுத் தழும்பு விழுந்தது. நீர்க்கட்டி கரையைத் தட்டிப் பார்த்துத் தட்டிப் பார்த்துக் கட்டினார், மனுஷன் முகத்தில் அப்படி ஒரு களை.

ஐப்பசியில் முதல் மழைக்குத் தண்ணீர் நின்றது. மலைமேல் குட்டியாக ஓர் ஏரி. ஊரே ஏறி வந்து பார்த்தது. ஆடுகள் குடித்தன. கார்டு முகம் கழுவிக்கொண்டார். கீழே பாதை கெட்டியாக, காய்ந்து கிடந்தது. "அம்மா, சரளையே இல்லம்மா, ஓடலாம் போலக் கீது" என்றாள் மகள். பட்ட பாடெல்லாம் அன்றைக்கு மறந்துபோயிற்று. எனக்குத் தலைகால் புரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

கார்த்திகையில் புயல் மழை பிடித்தது. விட்டு விட்டுக் கொட்டியது. மழை கொஞ்சம் வெறித்த ஒரு காலையில் மகள் பள்ளிக்கூடம் போனாள். மத்தியானம் நான் மிஷினில் உட்கார்ந்திருந்தபோது லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி மலைப் பக்கம் ஒரு சத்தம். போட்டது போட்டபடி ஓடினேன்.

கரை உடைந்திருந்தது. நின்ற தண்ணீரெல்லாம் ஒரே மூச்சில் இறங்கிப் பாதையை அப்படியே பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. பாதை இருந்த இடத்தில் ஆள் இறங்கினால் தலை தெரியாத ஓடை. அதில் செம்மண் தண்ணீர் உருட்டிக்கொண்டு ஓடுகிறது. என் பெண் அந்த நேரத்தில் அதில் வந்திருந்தால் என்று நினைத்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே இடுக்கில் உபதேசியார் வந்து நின்று கையை ஆட்டினார். "பொண்ணு ஸ்கூல்லதாம்மா கீது. நா ரோட்டு வழியா இட்டாறேன், நீ வூட்டுக்குப் போ" என்று மழையில் கத்தினார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு மாட்டுவண்டியில் அவளைக் கொண்டுவந்து விட்டார். அவர் வண்டிக்குப் பக்கத்தில் குடை பிடித்து நடந்தே வந்திருந்தார். என் வீட்டுக்காரர் வாசலில் நின்றார்.

"பாத போச்சா?" என்று என்னைக் கேட்டார்.

"போச்சு."

"அப்ப சரி" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மறுநாளிலிருந்து மகள் வீட்டில் இருந்தாள். பங்குனியில் பரீட்சை.

அடுத்த ஞாயிறு நான் போனேன், நீர்க்கட்டி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நேரே அவர் வீட்டுக்குப் போனேன். "சோறே எறங்கல அவருக்கு" என்றாள் அவர் சம்சாரம். எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

"என் பொண்ணு படிப்பு அங்க பள்ளமாக் கெடக்குது. நீ இங்க மூலையில குந்திக்கினு இருந்தா அது ரொம்பிடுமா, அண்ணே?" என்றேன். மறு வாரம் அவர் எனக்கு முன்னால் மலையில் இருந்தார்.

உடைந்தது போகக் கரையில் பாதி இன்னும் நின்றது. அதன் பின்னால் கொஞ்சம் தண்ணீரும் நின்றது. ஒவ்வொரு தூறலுக்கும் அது அந்த ஓடையில்தான் வழிந்தது. நீர்க்கட்டி வெகுநேரம் ஒரு பாறைமேல் உட்கார்ந்து தண்ணீர் போகிற போக்கைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து, மறுபக்கம் வெறும் பாறை இருக்கிற இடமாகப் பார்த்துத் தானே கரையை வெட்டினார். தண்ணீர் பாறைமேல் பரவி யாருக்கும் உதவாமல் இறங்கிப் போனது.

"வயலுக்குத்தான் தண்ணி நிக்கணும். மலையில அது போவணும். என் புத்திக்கு எட்டல" என்றார். "தண்ணிய வீணா வெளிய வுட்டது என் ஆயுசுக்கு இதான் மொத தபா, தங்கச்சி." அவர் கண் கலங்கியிருந்தது. என் கோபம் அங்கேயே வடிந்துவிட்டது.

அதன்பிறகு கற்றுக்கொண்டோம். பாதைக்குக் குறுக்கே கல்லை நேராக வைக்கக் கூடாது, சாய்வாகப் பதிக்க வேண்டும். கொஞ்சம் தள்ளி இன்னொரு கல் வரிசை, அதற்கப்புறம் இன்னொன்று. தண்ணீர் சேர்ந்து பலம் பிடிப்பதற்குள் ஒவ்வொரு வரிசையும் அதைப் பக்கத்தில் தள்ளிவிடும். ஓடையை அடியிலிருந்து பாறை அடுக்கித் தூர்த்தோம். மார்கழிப் பனியில் விரல் மடங்காது. தையும் போயிற்று. எனக்கு வேலையைவிட வீட்டுக்குத் திரும்புவதுதான் பயமாக இருந்தது. மகள் மிஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்க ஆரம்பித்திருந்தாள். நன்றாகத் தைத்தாள். அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

பெரிய பாறை ஒன்று மட்டும் அசைய மாட்டேன் என்றது. நான் வீட்டில் அதைத் திட்டிக்கொண்டிருந்ததை வீட்டுக்காரர் கேட்டிருக்க வேண்டும். ஒரு ஞாயிறு தோளில் இரண்டு இரும்புக் குழாயோடு ஏறி வந்தார். கம்பெனியில் மிஷின் நகர்த்துகிற மாதிரி குழாயை அடியில் கொடுத்து, கடப்பாரையால் நெம்பி, உருட்டி உட்கார வைத்தார். பிறகு அந்தப் பாறை நிழலிலேயே படுத்துக் குறட்டை விட்டார். மாசி பாதியில் பாதை முடிந்த அன்று, ஏறி இறங்கிக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, "போவட்டும்" என்றார்.

மகள்தான் போக மாட்டேன் என்றாள்.

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆயிடுச்சும்மா. இனிமே போனாலும் பெயிலுதான். உன் கையப் பாரு, முழுக்கக் கிழிசலு. எதுக்கும்மா இதெல்லாம். எனக்குத் தைக்க வருது, வுட்டுடு."

எனக்கு அப்போது வந்த ஆத்திரம் இருக்கிறதே, அதை எழுத வராது. அவள் பேச்சில் தப்பில்லை என்பதுதான் இன்னும் எரிச்சல். அவள் மேல் பாசமும் சேர்ந்துகொண்டது. மிஷினிலிருந்து துணியை உருவி எறிந்தேன்.

"பெயிலானா பெயிலாவு. நானுந்தான் ஆனேன், செத்தா போயிட்டேன்? ஆனா எழுதிட்டுப் பெயிலாவு. எழுதாம வூட்ல குந்தறதுக்கு நா பாத போடல."

அவள் குனிந்து அந்தத் துணியை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு பையை எடுத்தாள்.

அந்த வருஷம் அவள் கணக்கில் போனாள். மற்றதெல்லாம் பாஸ். மறுபரீட்சைக்குக் கிளம்பின காலை, எனக்கு இருப்பு கொள்ளவில்லை. இடுக்கு வரைக்கும் துணைக்கு வருகிறேன் என்று கத்தியைக் கையில் எடுத்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி மூலையில் சாத்தி வைத்தாள்.

"நீ படுத்துத் தூங்கும்மா" என்றாள். "எனக்கு வழி தெரியும்."