போதகர் வீட்டுச் சூடான தரை

டெக்சஸில் காங்கிரீட் தரைக்கடியில் ஒழுகும் குழாய்களைக் காதால் கேட்டே கண்டுபிடிப்பவள் வாண்டா ஹ்ரூஸ்கா. அவளுடைய போதகர் டிவெய்ன் வீட்டுக் கூடத்துத் தரையில் ஓரிடம் மட்டும் கதகதப்பாக இருந்தது. பரிசுத்த ஆவி இறங்கிய இடமென்று சபையார் அங்கே முட்டிபோட்டு ஜெபித்தார்கள். வாண்டாவும் ஒருமுறை அங்கே அழுதிருக்கிறாள்.

எல்லாக் குழாயையும் மூடியும் தண்ணீர் மீட்டர் சுற்றவே, போதகரின் மனைவி லோரீன் அவளை அழைத்தாள். வாண்டா அந்தக் கதகதப்பான இடத்தில் ஒலி கேட்கும் கருவியை வைத்து, ஹெட்போனில் கேட்டாள்.

"பாஸ்டர், சுடுதண்ணிக் குழாய் ஓட்டை. இங்கதான் உடைக்கணும்."

"ஞாயித்துக்கிழமை ஜெபம் முடியட்டுமேம்மா. நெறைய பேர் வராங்க."

"அவரு கெடக்காரு, நீ உடை," என்றாள் லோரீன்.

வாண்டா தரையை உடைத்து, குழாயை மாற்றிப் பூசிவிட்டாள். ஞாயிறன்று சபையார் சில்லிட்ட தரையில் முட்டிபோட்டுத் திருதிருவென விழித்தார்கள். "உங்க விசுவாசம் குறைஞ்சுபோச்சு," என்று போதகர் கடிந்துகொண்டார். கடைசி வரிசையில் வாண்டாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆவி வந்து குலுங்குகிறாள் என்று பக்கத்திலிருந்தவர்கள் அல்லேலூயா சொன்னார்கள்.