பாஸ்போர்ட்டில் உள்ளபடி

லிஸ்பனில் இருபத்தெட்டாம் எண் டிராமில் உட்கார இடம் வேண்டுமென்றால் காலை ஒன்பது மணிக்குள் ஏறிவிட வேண்டும். வாடிகன் அருங்காட்சியகத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பூட்டைத்தான் பார்த்துவிட்டு வரலாம். இதெல்லாம் பர்மாவில், லான்மடா பேட்டையில் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் பல்கீஸுக்கு அத்துப்படி. விமானத்துக்குள் அவள் கால் வைத்ததே இல்லை. ஊரைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் இன்சீன் வரை போய் வருவதுதான் அவளுடைய நெடும்பயணம்.

வயது நாற்பத்தொன்று. சிங்கப்பூரில் உள்ள ஒரு சிறிய பயணக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. லண்டனிலும் பெர்லினிலும் வாரம் முழுக்க மாடாய் உழைப்பவர்கள் சனி, ஞாயிறு இரண்டே நாளில் ஒரு தலைநகரத்தை விழுங்கிவிட்டு வர ஆசைப்படுகிறார்கள். டிக்கெட், அறை, சாப்பாட்டு மேசை, எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நடப்பது என்பது வரை எல்லாம் பல்கீஸ் போட்டுக் கொடுப்பாள். கரண்ட் போனாலும் பேட்டரியை வைத்து முடித்துவிடுவாள்.

முன்பெல்லாம் தம்பி ரிஹான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். இவளைவிடப் பதினேழு வயது இளையவன். வாப்பா மௌத்தான பிறகு இவள்தான் வளர்த்தாள். திரையில் தெரியும் வரைபடத்தில் விரலை வைத்து நடந்து பார்ப்பான்.

"லாத்தா, இந்த மேட்டுல கிழவனும் கிழவியும் ஏற மாட்டாங்க. நடுவுல ஒரு காப்பிக் கடையப் போட்டு விடு."

போட்டு விடுவாள். கிழவனும் கிழவியும் ஊர் திரும்பி அந்தக் காப்பிக் கடைக்காகவே நன்றி எழுதுவார்கள்.

இப்போது அந்த நாற்காலி காலி. ஆனாலும் வரைபடத்தைத் திறந்தால் அவன் விரல் முன்னால் நடக்கிறது. போன மாதம் பிராகுக்குப் போன ஒரு தம்பதி கேட்டிருந்தார்கள்: "நாங்கள் இரண்டு பேர்தானே, சாப்பாட்டு மேசையை ஏன் மூன்று பேருக்குச் சொல்லியிருக்கிறீர்கள்? பணியாள் கடைசிவரை இன்னொருவர் எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்." பல்கீஸ் மன்னிப்புக் கேட்டாள். அடுத்த வாரம் வியன்னாவுக்கும் மூன்று என்றே எழுதியிருந்தாள். அனுப்பும் நேரத்தில் கண்ணில் பட்டது, அழித்து இரண்டு என்று எழுதினாள்.

ரிஹான் எட்டு மாதத்துக்கு முன் பாங்காக்கில் இறங்கியிருக்க வேண்டியவன். படைக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் பட்டியல் தங்கள் தெருவுக்கு வருவதற்குள் அவனை அனுப்பிவிட வேண்டும் என்று பல்கீஸ்தான் டிக்கெட் போட்டாள். அன்று அவசரம். இந்த ஊரில் பலரைப் போல அவனுக்கும் இரண்டு பெயர். வீட்டிலும் பள்ளிவாசலிலும் ரிஹான். பாஸ்போர்ட்டிலும் பதிவு அட்டையிலும் மின் தெட். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாப்பா எழுதிக் கொடுத்த பர்மாப் பெயர் அது. வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. அவனுக்கு அப்படியொரு பெயர் இருப்பதே உம்மாவுக்கு மறந்துவிட்டது.

'பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே அனுப்புங்கள்' என்று ஆயிரம் பேருக்காவது எழுதியிருப்பாள் பல்கீஸ். சொந்தத் தம்பிக்கு ரிஹான் என்று டிக்கெட் போட்டாள்.

விமான நிலையத்தில் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு முடியாது என்றார்கள். அடுத்த இடம் செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தது. ஒரு நண்பனிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று திங்கட்கிழமை போனவனைப் பஸ் நிறுத்தத்தில் வைத்துப் படைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். முதல் மூன்று மாதத்தில் அவனிடமிருந்து இரண்டு முறை போன் வந்தது. பிறகு ஒன்றுமே இல்லை.

டிக்கெட்டில் ஏதோ கோளாறு என்று மட்டும் உம்மாவிடம் சொல்லியிருந்தாள். தன் கைதான் அவனைக் கொண்டுபோய்க் கொடுத்தது என்று சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை. உயிரோடு இருக்கிறானா என்று தெரிந்தால் போதும். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் மின் தெட் என்ற பெயரைச் சொல்லி, தன் நம்பரையும் கொடுத்து வைத்தாள். போனைக் கையை விட்டு இறக்கவே மாட்டாள், தொழுகை நேரம் தவிர.

போன வெள்ளிக்கிழமை அசர் தொழுதுகொண்டிருந்தபோது போன் அடித்தது. கஸ்டமராக இருக்கும் என்று உம்மா எடுத்தாள். உம்மா பர்மா பாஷையில் நாலு வார்த்தை சொல்வதும், வைப்பதும் பல்கீஸ் காதில் விழுந்தது. ஸலாம் கொடுத்து எழுந்து வந்தாள்.

"யாரு உம்மா?"

"எவனோ பர்மாக்காரப் பையன். மின் தெட் அண்ணன் வீடான்னு கேட்டான். வீட்டு ஆளுககிட்ட ஒரு சேதி சொல்லணுமாம். அப்படி யாரும் இங்க இல்லப்பா, நம்பரப் பாத்துப் போடுன்னு வச்சுட்டேன்."

பல்கீஸ் திரும்ப அழைத்தாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி அழைத்தாள். ஏழாவது முறையும் அதே பதில்தான்.

"ஏன்டி இப்படி வெளிறிப் போயிட்ட? வேண்டப்பட்ட ஆளா?"

எட்டு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்தது முழுக்க வாய் வரைக்கும் வந்தது. உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அறுபத்தைந்து வயது. உண்மை தெரிந்தால், இனி எத்தனை வருஷமோ, ஒவ்வொரு நாளும் மனசுக்குள் இந்தப் போனை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருப்பாள்.

"ராங் நம்பர்தான் உம்மா" என்றாள் பல்கீஸ். "நீங்க சரியாத்தான் சொன்னீங்க."